மல்லாவியின் பால்கணக்கு ஏன் மறுக்கப்பட்டது: ஜாவா வழங்கியில் கோரிக்கை உடலை வாசிப்பது பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சியில் நான்கு பேர் கொண்ட சிறிய மென்பொருள் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வன்னியில் பால் சேகரிக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்காக நாங்கள் எழுதிப் பராமரிக்கும் ஜாவா இணையச் செயலியில் மூன்று வாரம் நீடித்த ஒரு பழுதையும், அதைத் தேடிப் போன வழியில் அகப்பட்ட வேறு இரண்டு பழுதுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். மூன்றுக்கும் வேர் ஒன்றே. வழங்கிக்கு (சேர்வருக்கு) வந்து சேர்ந்த கோரிக்கையின் உடலை, அதாவது தலைப்புகளுக்குப் பின் வரும் உள்ளடக்கத்தை, வந்த பைட்டுகளாகவே முழுதாக எடுத்துக்கொள்ளாமல், யாரோ ஒருவர் அதை எழுத்தாகவோ படிவமாகவோ மாற்றிய பிறகோ, பாதியில் வெட்டிய பிறகோ நாங்கள் கையில் எடுத்தோம். அந்த “யாரோ ஒருவர்” இரண்டு தடவை எங்கள் அலுவலகத்து ஆள். ஒரு தடவை நான்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் பண்ணையாளர்கள் சேகரிப்பு நிலையத்துக்குப் பாலைக் கொண்டுவருவார்கள். நிலையத்தில் இருப்பவர் லீற்றர் அளவு, பால்மானி வாசிப்பு, கொழுப்பு வீதம் ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவார். சேகரிப்பு முடிந்ததும் அன்றைய காலைப் பதிவு முழுவதும் ஒரே ஜேசன் (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் எழுத்து வடிவம்) கோப்பாக வழங்கிக்குப் போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் பணம் இந்தக் கணக்கில்தான் தங்கியிருப்பதால், ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஓர் இரகசியத் திறப்பைக் கொடுத்து, அனுப்பும் உடலின் மீது திறப்பையும் பைட்டுகளையும் சேர்த்துச் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கொடுக்கும் எச்மாக்-ஷா256 முறையில் ஒரு கையொப்பத்தைக் கணித்து, தலைப்பில் சேர்த்து அனுப்பச் செய்திருந்தோம். அந்தக் கையொப்பம் 32 பைட்டு நீளமானது; பதினறும எண்களாக எழுதினால் 64 இலக்கம். வழங்கி தன் பக்கத்தில் அதே திறப்பைக் கொண்டு மறுபடி கணித்துப் பார்க்கும். இரண்டும் ஒத்துவந்தால் ஏற்கும். வராவிட்டால் 401, அதாவது அடையாளம் உறுதியாகவில்லை, என்று பதில் கொடுக்கும். கைப்பேசித் திரையில் சிவப்புப் பட்டை தோன்றும். வழங்கியில் ஜாவா 11, ஜாவா இணையச் செயலிகளை ஓட்டும் கொள்கலனான டாம்கேட் 9, அதன் முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கையளிக்கும் எஞ்சின்எக்ஸ். ஸ்பிரிங் என்ற சட்டகம் இல்லை, வெறும் சேர்வ்லெட்டுகளும் (கோரிக்கைக்குப் பதில் கொடுக்கும் ஜாவா வகுப்புகள்) ஜேசனை வாசிக்கும் ஜாக்சன் நூலகமும்தான்.

எச்மாக் கணிப்புக்கு ஜேசனும் தெரியாது, தமிழும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட்டுகளின் வரிசை மட்டுமே. ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் 64 இலக்கக் கையொப்பமே வேறாகிவிடும்; ஏறத்தாழச் சரி என்ற நிலை அதில் இல்லை. ஆகவே கையொப்பம் பொருந்தவில்லை என்று வழங்கி சொல்வதற்கு, திறப்புப் பிழை, உடல் வழியில் மாறியது, உடலை நாங்களே மாற்றினோம் என்று மூன்று காரணங்கள் இருக்கலாம். நாங்கள் முதல் இரண்டிலுமே இரண்டு வாரத்தைச் செலவழித்தோம்.

சிவப்புப் பட்டை

முதல் முறைப்பாடு மல்லாவியிலிருந்து வந்தது. அந்த நிலையத்தின் காலைக் கோப்பு மட்டும் தொடர்ச்சியாக மறுக்கப்பட்டது. முள்ளியவளை, ஒட்டுசுட்டான், விசுவமடு ஆகிய நிலையங்களின் கோப்புகள் பிழையின்றி ஏறிக்கொண்டிருந்தன. துணுக்காய், மல்லாவிப் பக்கம் சில இடங்களில் கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் கிடைப்பதே பெரிய விடயம் என்பதால் முதலில் சிக்னலைக் குறை சொன்னோம். பிறகு சிம் அட்டையை மாற்றினோம். அதன் பின்னர் கைப்பேசியையே மாற்றி, புதிய திறப்பையும் கொடுத்தோம். நிலையத்துக்குப் பொறுப்பான அக்கா ஒரு நாள் பஸ் ஏறி, பால்கணக்குக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கே வந்துவிட்டார்.

“தம்பி, போன் பழுதெண்டு மாத்தித் தந்தனீங்கள். புதுசிலையும் அதே சிவப்புத்தான் வருது. எங்கடை சனம் காசு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

அவர் மேசையில் வைத்த கொப்பியைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விடயம் தட்டுப்பட்டது. கொப்பியில் பெயர்களும் ஊர்களும் தமிழில் இருந்தன. கைப்பேசியிலும் அவர் அவ்வாறே தமிழில் பதிந்திருந்தார். மற்ற நிலையங்களின் பதிவுகளை வழங்கியில் திறந்து பார்த்தேன். எல்லோரும் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். நாங்கள் செயலியைச் சோதித்தபோதும் ஆங்கில எழுத்தில்தான் அடித்துப் பார்த்திருந்தோம். தமிழருக்காகத் தமிழர் எழுதிய செயலியில் தமிழில் ஒரு சொல்லையேனும் போட்டுப் பார்க்கவில்லை என்பதை எழுதும்போது இப்போதும் கூச்சமாகவே இருக்கிறது.

உடல் ஒருமுறைதான் கிடைக்கும்

எங்கள் வழங்கியில் தமிழ் எப்படிக் கெட்டது என்று விளங்க, அதற்கு முந்திய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கையொப்பச் சோதனை சேர்வ்லெட்டுக்குள்ளேயே இருந்தது. சேர்வ்லெட்டுகள் ஐந்தாறாகப் பெருகியதும் அந்தச் சோதனையை, சேர்வ்லெட்டுக்கு முன்னரே கோரிக்கையைப் பார்க்கும் ஒரு ஃபில்டருக்குள் கொண்டுபோனோம். அன்றே எல்லாம் நின்றுவிட்டது. ஃபில்டர் உடலை வாசித்துக் கையொப்பத்தைச் சரிபார்த்தது. அதன் பின் சேர்வ்லெட்டில் ஜாக்சன் வாசிக்கப் போனபோது, உள்ளடக்கம் எதுவும் இல்லாமல் உள்ளீடு முடிந்துவிட்டது என்று விதிவிலக்கு (ஜாவாவின் பிழை அறிவிப்பு) எறிந்தது. கெட்ரீடர் என்ற முறையைப் பயன்படுத்திய இன்னொரு சேர்வ்லெட்டில், இந்தக் கோரிக்கைக்குக் கெட்இன்புட்ஸ்ட்ரீம் ஏற்கெனவே அழைக்கப்பட்டுவிட்டது என்ற இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் வந்தது.

இரண்டும் சேர்வ்லெட் விதிமுறையில் சொல்லப்பட்ட நடத்தைதான். உடலை எடுக்க இரண்டு வாசல் உண்டு: பைட்டுகளாக எடுக்கக் கெட்இன்புட்ஸ்ட்ரீம், எழுத்துகளாக எடுக்கக் கெட்ரீடர். ஒரு கோரிக்கைக்கு இவற்றில் ஒன்றைத்தான் திறக்கலாம். ஒன்றைத் திறந்த பின் மற்றதைத் தொட்டால் விதிவிலக்கு. அந்த ஒன்றையும் ஒருமுறைதான் முடிவுவரை வாசிக்கலாம். வலைப்பின்னல் இணைப்பிலிருந்து வரும் பைட்டுகளை டாம்கேட் ஒரு சிறிய இடைத்தாங்கி (தற்காலிகச் சேமிப்பிடம்) வழியாக வாங்கி, கேட்டவரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடும். முழு உடலையும் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்க அதற்குக் கட்டாயம் இல்லை. பெரிய கோப்புகள் வரும் வழங்கியில் அப்படிப் பிடித்து வைப்பது ஆபத்தும்கூட. துருசால் இறங்கிய தண்ணீர் வாய்க்காலில் போய்க்கொண்டிருக்கும். முதல் வயல்காரர் அதை முழுதாகக் கட்டிக்கொண்டால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் இல்லை.

இதற்கு வழமையான தீர்வு, கோரிக்கையைச் சுற்றி உறைபோல் நிற்கும் எச்டிடிபிசேர்வ்லெட்ரிக்வெஸ்ட்ராப்பர் என்ற வகுப்பை விரிவுபடுத்துவது. சேர்வ்லெட் 2.3 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. ஃபில்டரில் உடலை ஒருமுறை முழுவதும் வாசித்து வைத்துக்கொண்டு, பின்னால் வருபவர் யார் கேட்டாலும் அந்தப் பிரதியிலிருந்து புதிய ஓடையை (பைட்டுகளை வரிசையாக வாசிக்கத் தரும் ஸ்ட்ரீமை) திறந்து கொடுக்கலாம். எங்கள் சக ஊழியர் ஒருவர் இணையத்தில் கண்ட ஒரு ராப்பரை எடுத்து வைத்தார், வேலை நடந்தது. அதில் இருந்த நான்கைந்து வரிகளை யாரும் ஊன்றிப் படிக்கவில்லை.

அந்த வரிகள் செய்தது இதுதான். கெட்ரீடரைத் திறந்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒரு ஸ்ட்ரிங்பில்டரில் சேர்த்து, முடிவில் கிடைத்த சரத்தை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் பைட்டுகளாக மாற்றிப் பிரதி என்று வைத்துக்கொண்டது. கைப்பேசியிலிருந்து வந்த கோரிக்கையில், உள்ளடக்க வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் தலைப்பில் ஜேசன் என்று மட்டும் இருந்தது; எழுத்துக் குறியாக்கம் எது என்று அதில் இல்லை. அதில் தவறும் இல்லை, ஏனெனில் 2017இல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற இணையத் தர ஆவணம், அமைப்புகளுக்கிடையே பரிமாறப்படும் ஜேசன் யூடிஎஃப்-8இல்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஜேசன் வகைக்குக் குறியாக்க அளவுரு எதையும் அது வரையறுக்கவும் இல்லை. ஆனால் சேர்வ்லெட் உலகம் ஜேசனுக்கு முந்தியது. தலைப்பில் குறியாக்கம் சொல்லப்படாவிட்டால் கெட்ரீடர் ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் குறியாக்கத்தில் ஒரு பைட்டு ஓர் எழுத்து.

மல்லாவி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது ஏழு குறியீடுகள்: ம, ல, புள்ளி, ல, கால், வ, இகரக் கொக்கி. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டு என்பதால் மொத்தம் 21 பைட்டு. அதில் வகரத்தை மட்டும் பார்த்தால் பைட்டுகள் தசமத்தில் 224, 174, 181. கெட்ரீடர் இவற்றை மூன்று இலத்தீன் எழுத்துகளாக வாசிக்கும். அந்த மூன்று எழுத்துகளையும் பிறகு யூடிஎஃப்-8ஆக எழுதும்போது ஒவ்வொன்றும் இரண்டு பைட்டாக விரியும்: 195, 160, 194, 174, 194, 181. மூன்று பைட்டு ஆறாகிவிட்டது. மல்லாவி 42 பைட்டாகிவிட்டது. கையொப்பம் கணிக்கப்பட்டது இந்த வீங்கிய பைட்டுகளின் மீது. ஆங்கில எழுத்துகளோ இரண்டு குறியாக்கத்திலும் ஒரே பைட்டாகவே நிற்பதால், அவை எந்தச் சேதமும் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தன. முள்ளியவளைக்குப் பச்சை, மல்லாவிக்குச் சிவப்பு என்பதன் காரணம் இவ்வளவுதான்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஓர் எண்ணே போதுமாக இருந்தது. மறுக்கப்பட்ட கோப்பு ஒன்றில், உடலின் பைட்டு நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் தலைப்பில் 3,912 என்றிருந்தது. ராப்பர் பிடித்து வைத்திருந்த பிரதியின் நீளத்தைப் பதிவேட்டில் அச்சிட்டுப் பார்த்தபோது 6,174. வித்தியாசம் 2,262, அதை மூன்றால் வகுத்தால் மீதியில்லாமல் 754. அந்தக் கோப்பிலிருந்த தமிழ்க் குறியீடுகளை எண்ணினேன், 754தான். 22 பேரின் பெயரும் ஊரும். கையொப்பம் பொருந்தாத எந்தச் சிக்கலிலும் இந்த இரண்டு நீளங்களையும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பதை இப்போது நான் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். இரகசியத் திறப்பையும் கணிப்பு நூலகத்தையும் மணிக்கணக்கில் சந்தேகிப்பதற்கு முன், வந்தது எத்தனை பைட்டு, நான் கணித்தது எத்தனை பைட்டு என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

அதே வரிகளில் இன்னொரு பழுதும் தூங்கிக்கொண்டிருந்தது. ரீட்லைன் முறை வரி முடிவுக் குறியை விழுங்கிவிட்டுத்தான் வரியைக் கொடுக்கும். ராப்பர் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. எங்கள் கைப்பேசிச் செயலி ஜேசனை ஒரே வரியில் அனுப்புவதால் நாங்கள் தப்பினோம். அழகுபடுத்தி, வரி பிரித்து அனுப்பும் ஒரு சாதனம் வந்திருந்தால் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து மறுக்கப்பட்டிருக்கும். ஒருவேளை அப்படி நடந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்.

இடையில் ஒரு குறுக்குவழியும் முன்மொழியப்பட்டது. ஜேசனைப் பொருளாக வாசித்து, அதை மறுபடி ஜேசனாக எழுதி, அதன் மீது கையொப்பத்தைக் கணித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கேட்க எளிதாக இருந்தாலும் அது நிற்காது. கைப்பேசி 7.50 லீற்றர் என்று அனுப்பியதை டபிள் வகை எண்ணாக வாசித்து எழுதினால் 7.5 என்று வரும். புலங்களின் வரிசை மாறலாம், இடைவெளிகள் மாறலாம், தமிழ் எழுத்து ஒன்று நேரடியாக வந்ததா, சாய்கோட்டுடன் கூடிய எண் வடிவில் வந்ததா என்ற வேறுபாடும் அழிந்துவிடும். பொருள் ஒன்றாக இருப்பது கையொப்பத்துக்குப் போதாது.

நான் செய்த பிழை

திருத்தத்தை நானே எழுதினேன். கெட்ரீடரைத் தூக்கிவிட்டு, கெட்இன்புட்ஸ்ட்ரீமைத் திறந்து, கன்டென்ட்-லெங்த் அளவுக்கு ஒரு பைட்டு அணியை (வரிசையான இடங்களை) உருவாக்கி, ரீட் என்று ஒருமுறை அழைத்தேன். மல்லாவிக்குப் பச்சை விழுந்தது. அக்காவுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். அடுத்த நாள் காலை விசுவமடு சிவப்பாகிவிட்டது.

விசுவமடு அதுவரை ஒரு நாளும் மறுக்கப்பட்டதில்லை. அங்கே எல்லாம் ஆங்கில எழுத்து. ஆனால் பண்ணையாளர்கள் தொண்ணூறு பேருக்கு மேல். இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. அன்று கோப்பு ஏறியது. வெயில் வந்ததும் மறுபடி மறுப்பு. மழைக்குச் சிக்னல் கெடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இங்கே மழை நாளில் மட்டும் வேலை செய்தது. மழை நாளில் பால் கொண்டுவருபவர்கள் குறைவு, ஆகவே கோப்பும் சிறியது என்று விளங்க எனக்கு ஒரு பகல் முழுவதும் எடுத்தது. மறுக்கப்பட்டவை எல்லாம் 8 கிலோபைட்டைத் தாண்டியவை.

ஜாவாவின் இன்புட்ஸ்ட்ரீம் வகுப்பின் ஆவணத்திலேயே இது இருக்கிறது. ஓர் அணியைக் கொடுத்து ரீட் என்று அழைத்தால், அணி நிறையும் அளவுக்கு வாசிக்க முயலப்படும். ஆனால் அதிலும் குறைவாகவே கிடைக்கலாம். எத்தனை பைட்டு கிடைத்தது என்பதைத் திருப்பிக் கொடுக்கும் எண்தான் சொல்லும். அந்த எண்ணை நான் பார்க்கவேயில்லை. டாம்கேட் தன் இடைத்தாங்கியில் அந்த நேரத்தில் இருந்ததைக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டது. அணியின் எஞ்சிய இடமெல்லாம் பூச்சியங்களாகவே இருந்தன. கையொப்பம் அந்தப் பூச்சியங்களையும் சேர்த்துக் கணிக்கப்பட்டது. நீளங்களை ஒப்பிடும் என் சோதனை இங்கே உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அணியின் நீளத்தைத்தான் நான் அச்சிட்டிருந்தேன். அது கன்டென்ட்-லெங்த்துடன் அச்சொட்டாகப் பொருந்தியது.

சோதனை நிரலில் இது ஏன் பிடிபடவில்லை என்றும் பார்த்தோம். சோதனைக்காக நாங்கள் எடுத்திருந்த போலிக் கோரிக்கை, ஸ்பிரிங்கின் சோதனை நூலகத்திலுள்ள மொக்எச்டிடிபிசேர்வ்லெட்ரிக்வெஸ்ட். அது உடலை நினைவகத்திலுள்ள ஓர் அணியிலிருந்து எடுப்பதால், ஒரே அழைப்பில் முழுவதையும் கொடுத்துவிடும். உண்மையான இணைப்பு எப்போதும் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளாது. இப்போது எங்கள் சோதனையில், எவ்வளவு கேட்டாலும் ஒரு தடவைக்கு 100 பைட்டுக்கு மேல் கொடுக்காத ஒரு கஞ்ச ஓடையை எழுதி வைத்திருக்கிறோம். அலுவலகத்தில் அதன் பெயரே கஞ்சன்.

கன்டென்ட்-லெங்த்தை நம்பியதும் தனிப் பிழை. உடல் துண்டு துண்டாக அனுப்பப்படும்போது அந்தத் தலைப்பே இருக்காது. அப்போது கெட்கன்டென்ட்லெங்த் -1ஐத் திருப்பிக் கொடுக்கும். அந்த அளவில் அணியை உருவாக்கப் போனால் விதிவிலக்குத்தான் மிஞ்சும். எங்கள் எஞ்சின்எக்ஸ் அதன் இயல்பான அமைப்பில் உடல் முழுவதையும் முதலில் தன்னிடம் சேர்த்துக்கொண்டு, நீளத்தையும் கணித்து, அதன் பிறகே டாம்கேட்டுக்கு அனுப்புவதால் இது வெளியே தெரியவில்லை. எஞ்சின்எக்ஸைத் தாண்டி டாம்கேட்டின் வாசலில் நேராக அனுப்பிப் பார்த்தபோது உடனே தெரிந்தது.

திருத்தத்தின் திருத்தம் சிறியது. ஜாவா 9இலிருந்து ரீட்ஆல்பைட்ஸ் என்ற முறை இருக்கிறது. அது முடிவுவரை தானே சுற்றிச் சுற்றி வாசிக்கும். ஆனால் எல்லையில்லாமல் வாசிக்கும் எதையும் வெளியுலகத்துக்குத் திறந்த வாசலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. டாம்கேட்டின் மேக்ஸ்போஸ்ட்சைஸ் என்ற 2 மெகாபைட் எல்லை நம்மைக் காக்கும் என்று பலர் நினைப்பதுண்டு; அது படிவ அளவுருக்களை டாம்கேட் தானே பிரித்தெடுக்கும்போது மட்டும் பொருந்துவது, ஓடையை நாமே வாசிக்கும்போது அதற்கு வேலை இல்லை. ஆகவே ஜாவா 11இல் வந்த, உச்ச அளவைக் கேட்கும் ரீட்என்பைட்ஸ் முறையை எடுத்தோம். எங்கள் எல்லை 256 கிலோபைட். அதற்கு ஒரு பைட்டு கூடுதலாகக் கேட்போம். அந்தக் கூடுதல் பைட்டும் கிடைத்துவிட்டால் உடல் எல்லை மீறியது என்று பொருள், 413, அதாவது உடல் மிகப் பெரிது, என்று பதில் போகும்.

மொழித் தெரிவு விழுங்கிய உடல்

மூன்றாவது பழுது பாலுடன் தொடர்புடையதல்ல, காசுடன் தொடர்புடையது. பண்ணையாளர்களின் கணக்குகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு கொடுப்பனவுச் சேவை எங்கள் வழங்கிக்கு அறிவித்தல் அனுப்பும். அந்த அறிவித்தல் ஜேசன் அல்ல. இணையப் படிவம் அனுப்பும் அதே பழைய வடிவம். அதிலும் உடலின் மீது கையொப்பம் உண்டு. இது நீண்ட நாளாக ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தொடக்கம் எல்லா அறிவித்தல்களும் மறுக்கப்பட்டன. நாங்கள் வாசித்த உடலின் நீளம் பூச்சியம்.

அந்த வாரம் இணையப் பக்கங்களுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மொழியைத் தெரிவுசெய்யும் ஒரு ஃபில்டரைச் சேர்த்திருந்தோம். அது கோரிக்கையின் முகவரியில் மொழி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, அளவுருவின் மதிப்பைத் தரும் கெட்பராமீட்டர் முறையை ஒருமுறை அழைத்தது. பார்ப்பதற்கு இதைவிடச் சாதுவான ஒரு வரி இருக்க முடியாது. ஆனால் கெட்பராமீட்டர் முகவரியில் வரும் அளவுருக்களை மட்டும் பார்ப்பதில்லை. கோரிக்கை போஸ்ட் முறையில் வந்து, அதன் கன்டென்ட்-டைப் படிவ வடிவமாக இருந்தால், அளவுருக்களை முதன்முதலில் கேட்கும் அந்தக் கணத்தில் கொள்கலன் உடல் முழுவதையும் வாசித்துப் பிரித்துவிடும். அதன் பின் ஓடையில் எதுவும் மிஞ்சாது என்று சேர்வ்லெட் விதிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. பால்கணக்கு ஜேசன் வடிவம் என்பதால் இதே ஃபில்டர் அதைத் தொடவில்லை.

ஃபில்டர்களின் வரிசையைத் தேடிப் போனபோது, எல்லா ஃபில்டர்களையும் வகுப்பின் மேலே குறிப்பு எழுதிப் பதிந்திருந்தோம் என்பது தெரிந்தது. அப்படிப் பதிந்தால் எது முதலில் ஓடும் என்பதற்கு விதிமுறை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. செயலியின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லில் எழுதினால், முகவரி வடிவத்தால் பொருத்தப்பட்ட ஃபில்டர்கள் கோப்பில் எழுதிய ஒழுங்கில் முதலிலும், சேர்வ்லெட் பெயரால் பொருத்தப்பட்டவை அதன் பின்னரும் ஓடும். பழைய கோப்பு என்று ஒதுக்கி வைத்திருந்த வெப்.எக்ஸ்எம்எல்லைத் தூசு தட்டி எடுத்து, உடலைப் பிடிக்கும் ஃபில்டரை அதில் முதலாவதாக எழுதினோம்.

வரிசையைச் சரிசெய்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே சிக்கல் வரும். நாம் ஓடையை முதலில் வாசித்துவிட்டால், அதன் பின் மூலக் கோரிக்கையிடம் கெட்பராமீட்டர் கேட்டவருக்குப் படிவத்தின் அளவுருக்கள் கிடைக்காது. முகவரியில் உள்ளவை மட்டுமே கிடைக்கும். ஆகவே ராப்பர் ஓடைகளை மட்டும் மாற்றி எழுதினால் போதாது. அளவுருக்களைக் கொடுக்கும் நான்கு முறைகளையும், பிடித்து வைத்த பைட்டுகளிலிருந்து தானே பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே பெயர் பல தடவை வருவது, மதிப்பே இல்லாத பெயர், முகவரியில் உள்ளவை முதலிலும் உடலில் உள்ளவை பின்னரும் என்ற ஒழுங்கு ஆகியவற்றையெல்லாம் கொள்கலனைப் போலவே செய்ய வேண்டியிருக்கும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. உடலைப் பிடிக்கும் ஃபில்டரைப் பால்கணக்கு, கொடுப்பனவு அறிவித்தல் ஆகிய இரண்டு முகவரிகளுக்கு மட்டும் கட்டுப்படுத்தினோம். அந்த இரண்டுக்கும் மொழித் தெரிவு தேவையில்லை என்பதால் மொழி ஃபில்டரை அங்கிருந்து விலக்கினோம். அறிவித்தலை வாங்கும் சேர்வ்லெட், கையொப்பம் பொருந்திய பிறகு, அதே பைட்டுகளைத் தானே பிரித்துக்கொள்கிறது. இணையப் பக்கங்களின் மற்றப் படிவங்களெல்லாம் பழையபடி கொள்கலனின் கையிலேயே இருக்கின்றன. எல்லா முகவரிக்கும் பொருந்தும் பொதுவான ராப்பரை எழுதும் ஆசையை இந்த அளவில் அடக்கிக்கொண்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தப் பழுதைக் கைமுறையாக மீட்டிப் பார்க்கும்போது, கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கேர்ள் கருவியும் எங்களை ஒரு தடவை வழிதவறச் செய்தது. சேமித்த உடலைக் கோப்பிலிருந்து அனுப்ப -டி என்ற தெரிவைப் பயன்படுத்தினோம். அந்தத் தெரிவு கோப்பிலுள்ள வரி முடிவுக் குறிகளை நீக்கிவிட்டுத்தான் அனுப்பும்; தலைப்பை நாமே எழுதாவிட்டால் கன்டென்ட்-டைப்பையும் படிவம் என்று போட்டுவிடும். ஜேசனைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு படிவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பைட்டு மாறாமல் அனுப்ப டேட்டா-பைனரி என்ற தெரிவு வேண்டும். தலைப்பையும் கையாலே எழுத வேண்டும்.

ஸ்பிரிங் பயன்படுத்துபவர்களுக்கு

வவுனியாவில் ஸ்பிரிங் பூட்டில் இதைப் போன்ற ஒரு வேலையைச் செய்யும் நண்பர் ஒருவர், தனக்கு இந்தக் கரைச்சல் இல்லை, கன்டென்ட்கேஷிங்ரிக்வெஸ்ட்ராப்பர் ஆயத்தமாக இருக்கிறது என்றார். அந்த வகுப்பின் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அது உடலைத் தானாக வாசித்து வைப்பதில்லை. பின்னால் இருப்பவர் வாசிக்க வாசிக்கப் பிரதி எடுக்கும். ஃபில்டரில், அடுத்தவருக்குக் கோரிக்கையைக் கையளிப்பதற்கு முன்னர் பிரதியைக் கேட்டால் வெற்று அணிதான் கிடைக்கும். நடந்து முடிந்ததைப் பதிவேட்டில் எழுதுவதற்கு அது நல்ல கருவி. கையொப்பத்தை முன்கூட்டியே சரிபார்ப்பதற்கு உதவாது. படிவ வடிவக் கோரிக்கையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அளவுருக்கள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தால், அந்த அளவுருக்களிலிருந்து உடலை மறுபடி கட்டித்தான் அது கொடுக்கும். இடைவெளிக்கு வந்தது கூட்டல் குறியா, விழுக்காட்டுக் குறியுடன் 20 என்ற எண்ணா என்பது அப்படிக் கட்டும்போது காப்பாற்றப்படாது. கையொப்பம் அங்கேயே போய்விடும்.

நண்பரின் செயலி பழைய பதிப்பில் இருந்தது. ஸ்பிரிங் பூட் 2.2க்கு முந்திய பதிப்புகளில் ஹிடன்எச்டிடிபிமெதட்ஃபில்டர் இயல்பாகவே இயங்கும். போஸ்ட் கோரிக்கை ஒவ்வொன்றிலும் ஒரு மறை அளவுருவைத் தேடிக் கெட்பராமீட்டரை அழைப்பது அதன் வேலை. எங்கள் மொழி ஃபில்டர் செய்ததையே அது யாரும் கேளாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. 2.2இலிருந்து நாம் இயக்கினால்தான் இயங்கும்.

எஞ்சியவை

இப்போது எங்கள் ஃபில்டர் செய்வது குறைவு. எல்லைக்குள் பைட்டுகளை வாசிக்கிறது; அவற்றின் மீது எச்மாக்கைக் கணிக்கிறது; மெசேஜ்டைஜெஸ்ட் வகுப்பின் ஈஸ்ஈக்வல் முறையால் ஒப்பிடுகிறது. சரங்களின் சாதாரண ஒப்பீடு முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடுவதால் எத்தனை இலக்கம் பொருந்தியது என்பது நேர வித்தியாசத்தால் கசியக்கூடும். இந்த முறை அப்படி நிற்காது. பொருந்திய பிறகுதான் பைட்டுகள் ராப்பருக்குள் போகின்றன. ராப்பர் கொடுக்கும் ஓடையில், சேர்வ்லெட் 3.1இலிருந்து கட்டாயமான மூன்று முறைகளையும் எழுதியிருக்கிறோம். அவற்றில் ஈஸ்ஃபினிஷ்ட் உண்மையான நிலையைச் சொல்லும்படி பார்த்துக்கொண்டோம். கெட்ரீடரைக் கேட்பவருக்கு, தலைப்பில் குறியாக்கம் இல்லாவிட்டால் யூடிஎஃப்-8 என்று வைத்துத் திறந்து கொடுக்கிறோம்.

மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் மூல பைட்டுகளை ஒரு வாரத்துக்கு, எழுத்துப் புலமாக அல்லாமல் பைட்டுப் புலமாகவே தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம். ஏற்கப்பட்டவற்றை வைப்பதில்லை. அவற்றில் மனிதர்களின் பெயர்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கும்போது, பிறகு உதவும் என்று சொல்லி எல்லாவற்றையும் குவித்து வைப்பதைச் சங்கத்துக்கு நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

மல்லாவியின் மூன்று வாரக் கோப்புகளும் கைப்பேசியின் அனுப்பும் வரிசையில் பத்திரமாக இருந்தன. பழைய கைப்பேசியில் இருந்தவற்றுக்கு அதன் பழைய திறப்பை ஒரு பகல் மட்டும் வழங்கியில் மறுபடி சேர்த்து, ஒவ்வொன்றாக ஏற்றினோம். அக்கா கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு லீற்றர்க் கணக்கை வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். ஓர் இடத்தில் மட்டும் வித்தியாசம் வந்தது, கொப்பியில் 6.5, திரையில் 5.6.

“அது என்ரை பிழை தம்பி, அவசரத்திலை மாறி அடிச்சிட்டன்” என்றார்.

பழுது என்று நாங்கள் திருப்பி எடுத்த அந்தக் கைப்பேசி இப்போது கிளிநொச்சி அலுவலகத்தில் சோதனைக்கு இருக்கிறது. அதில் பதிந்திருக்கும் 22 பெயர்களும் தமிழில்தான்.